பாங்காக் கூட்டத்துக்கு முன்னால் ஓர் அறிக்கை: ஆசியான் ஆய்வு மையங்கள் அரசுகளை நகர்த்திய விதம்

1994 ஜூலை 25 அன்று அமெரிக்கா, சீனா, ரஷ்யா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், வியட்நாம், லாவோஸ் எல்லாம் பாங்காக்கில் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் அன்று இருந்த ஆறு நாடுகளையும் சேர்த்து மொத்தம் 18 தரப்புகள். ஆசியான் பிராந்திய மன்றத்தின் முதல் கூட்டம் அது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது, பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனாலும் ஆசிய-பசிபிக் பகுதி முழுவதன் பாதுகாப்பைப் பற்றி அரசுகள் சேர்ந்து பேச, அதற்கு முன் அப்படி ஓர் இடமே இருந்ததில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1991 ஜூனில், தென்கிழக்காசியாவின் ஐந்து ஆய்வு மையங்கள் சேர்ந்து தங்கள் அரசுகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருந்தன. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘முன்முயற்சிக்கான நேரம்’. ஆசியான் அமைச்சர்கள் ஆண்டுதோறும் கூடும் கூட்டத்தின் முடிவில், பிராந்தியத்தின் அமைதி பற்றிப் பேச ஒரு மாநாடு வேண்டும், அதற்குச் சீனா, ரஷ்யா (அன்று இன்னும் சோவியத் ஒன்றியம்), வியட்நாம், வட கொரியா போன்றவற்றையும் அழைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். பாங்காக்கில் நடந்தது ஏறக்குறைய அதுதான். வட கொரியா மட்டும் 2000இல் வந்து சேர்ந்தது.

ஆக, ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள், அரசுகள் செய்தன என்று கதையை முடித்துவிடலாமா? முடியாது. அதே காலத்தில் இதே மாதிரி யோசனையைச் சொன்னவர்கள் வேறு பலரும் உண்டு. அரசு சாராத ஒரு வெளியுறவு ஆய்வு மையம் உண்மையில் என்ன செய்கிறது, அதன் செல்வாக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க இந்த நிகழ்வு நல்ல இடம். தேதிகள் தெளிவாக இருக்கின்றன, அறிக்கை எழுத்தில் இருக்கிறது, அதனோடு போட்டியிட்ட யோசனைகளும் பதிவில் இருக்கின்றன. இத்தனையும் ஒரே நிகழ்வில் கிடைப்பது அரிது.

ஐந்து மையங்கள், ஐந்து வகைச் சுதந்திரம்

அந்த ஐந்து மையங்களின் கூட்டமைப்புக்கு ஆசியான்-ஐசிஸ் என்று பெயர். (மேற்காசியாவின் பயங்கரவாத அமைப்புக்குப் பல ஆண்டுகள் முந்தைய பெயர் இது, இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) 1984 முதல் பேசிப் பேசி, 1988இல் முறைப்படி அமைந்தது. எல்லாமே தங்களைச் ‘சுதந்திரமான’ மையம் என்று சொல்லிக்கொண்டவை. ஆனால் ஒவ்வொன்றின் பிறப்பும் வேறு.

ஜகார்த்தாவின் உத்தி மற்றும் பன்னாட்டு ஆய்வு மையம், அதாவது சிஎஸ்ஐஎஸ், 1971இல் தொடங்கியது. அது தனியார் அமைப்பு. ஆனால் அதற்குப் பின்னால் நின்றவர்கள் அதிபர் சுஹார்த்தோவின் நெருங்கிய உதவியாளர்களான ஜெனரல்கள் அலி முர்தோபோவும் சுஜோனோ ஹுமர்தானியும். யூசுப் வனந்தி, ஹாடி சுசாஸ்த்ரோ போன்றவர்கள் அதைக் கட்டி எழுப்பினார்கள். 1980களின் இறுதியில் சுஹார்த்தோவுக்கும் மையத்துக்கும் இடையில் இடைவெளி விழுந்தது. மையம் மூடப்படவில்லை. அதிகாரத்தோடு இருந்த நெருக்கம் போன பிறகும் நிற்கும் அளவுக்கு அதற்குச் சொந்த நிதியும் பெயரும் சேர்ந்திருந்தன.

மலேசியாவின் மையத்தை 1983இல் மகாதீர் அரசே உருவாக்கியது. அதன் தலைவர் நூர்தின் சோபி முன்பு பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், பிரதமரிடம் நேரடியாகப் பேசக்கூடியவர். சிங்கப்பூரில் இருந்தது உறுப்பினர் சங்கம் போன்ற அமைப்பு, 1962இலிருந்தே இயங்கியது. அங்கே முன்னின்ற லாவ் தெக் சூன் பல்கலைக்கழகப் பேராசிரியர், அதே சமயம் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். தாய்லாந்து மையம் சூலலோங்கோன் பல்கலைக்கழகத்துக்குள் இருந்தது, தலைவர் பேராசிரியர் குசுமா ஸ்நித்வொங்சே. பிலிப்பைன்ஸ் மையம் ஓர் அரசு சாரா அமைப்பு. அதை நடத்திய பேராசிரியர் கரோலினா ஹெர்னாண்டஸ் 1989 ராணுவக் கலகத்தை விசாரித்த அரசு ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவர்.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அரசிடமிருந்து முழுக்க விலகி நின்றவர் இதில் யாருமே இல்லை. ஆனால் யாரும் அமைச்சகத்தின் ஊழியரும் இல்லை. ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லி அது எடுபடாமல் போனால், அரசு ‘அது அவருடைய சொந்தக் கருத்து’ என்று சொல்லிவிட்டு நகரலாம். அப்படிச் சொல்வதில் பொய்யும் இல்லை. இந்த மையங்களின் சுதந்திரம் என்று நான் கருதுவது இதைத்தான்: அரசின் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்துகொண்டே, அரசின் பெயரில் பேசாமல் இருப்பது. இந்த நிலை பெரிய பலம். அதற்கு விலையும் உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம்.

அரசுகளால் ஏன் முடியவில்லை

1967இல் ஐந்து நாடுகளோடு ஆசியானைத் தொடங்கிய பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான சி. ராஜரத்தினம். அந்தப் பிரகடனம் பெரும்பாலும் பொருளாதாரம், சமூகம், பண்பாடு பற்றித்தான் பேசியது. ராணுவக் கூட்டணி என்ற சந்தேகம் வந்துவிடக்கூடாது என்பதில் ஐந்து நாடுகளும் கவனமாக இருந்தன. இந்தோனேசியாவும் மலேசியாவும் மோதலை முடித்துக்கொண்டு அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அதனால் ‘பாதுகாப்பு’ ஆசியானின் அதிகாரப்பூர்வ நிகழ்ச்சி நிரலில் ஏறாத பொருளாகவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அரசியலாக எத்தனையோ பேசினார்கள், ஆனால் தாளில் அந்தத் தலைப்பு வராது.

கம்போடியப் பிரச்சினையில் இதன் சிக்கல் நன்றாகத் தெரிந்தது. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்த பிறகு, எல்லையில் படை நிற்பதைப் பார்த்த தாய்லாந்து கடுமையாக இருந்தது. இந்தோனேசியா உள்ளூர வியட்நாமோடு பேச விரும்பியது, சீனாதான் நீண்ட கால அபாயம் என்பது அதன் கணக்கு. ஆனால் தாய்லாந்தைக் கைவிட்டதாகத் தோன்றாமல் வெளிப்படையாக ஹனோய் போய்ப் பேச முடியாது. 1984 பிப்ரவரியில் ஜகார்த்தாவின் சிஎஸ்ஐஎஸ் மையம் ஹனோயின் பன்னாட்டு உறவுகள் கழகத்தோடு சேர்ந்து ஹனோயிலேயே ஒரு கருத்தரங்கு நடத்தியது. இரு தரப்பும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ள அது உதவியது. கம்போடியா பற்றி அரசுகளே கலந்துகொண்ட ‘ஜகார்த்தா முறைசாராச் சந்திப்பு’, போகோர் நகரில், 1988 ஜூலையில்தான் வந்தது. கம்போடியாவுக்கான பாரிஸ் அமைதி ஒப்பந்தம் 1991 அக்டோபரில். நடுவில் எத்தனையோ காரணங்கள், சோவியத் ஒன்றியத்தின் மாற்றம்தான் அதில் பெரியது. கருத்தரங்கு போரை நிறுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1988இல் எதிரெதிரே உட்கார்ந்தபோது இரு பக்கத்திலும் முன்பே பழகிய முகங்கள் இருந்தன.

இந்த வகை வேலையை ‘டிராக்-டூ’ என்கிறார்கள். அறிஞர்கள், ஓய்வுபெற்ற தூதர்கள், அதிகாரிகள் எல்லோரும் தனிப்பட்ட முறையில் வந்து உட்காருவார்கள். மேசையில் பெயர்ப் பலகை இருக்கும், பதவி இருக்காது. சாத்தம் ஹவுஸ் விதி பொருந்தும்: கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், யார் சொன்னது என்று சொல்லக்கூடாது. அமைச்சகத்தில் ‘இயலாது’ என்று கோப்பில் எழுதிய அதே அதிகாரி, இங்கே ‘இப்படி வைத்தால் எங்கள் தரப்பு யோசிக்கலாம்’ என்பார். அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்கிறவர்தான் நல்ல ஆய்வு மையத்துக்காரர். அறிக்கையின் பாதி சரக்கு அங்கிருந்துதான் வருகிறது.

1990, 1991: போட்டி யோசனைகள்

பனிப்போர் முடிந்ததும் ஆசியாவில் எல்லோருக்கும் ஒரே கலக்கம்: அமெரிக்கா போய்விடுமா? 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அங்கிருந்த அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளம் சாம்பலில் மூழ்கியது. செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கத் தளங்களுக்கான புதிய ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 பிப்ரவரியில் சீனா தென்சீனக் கடல் தீவுகளைத் தன்னுடையவை என்று சொல்லும் கடல் எல்லைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெற்றிடம் ஒன்று உருவாகிறது, அதை யார் நிரப்புவார்கள் என்ற கேள்வி அன்று தலைநகரங்கள் எல்லாவற்றிலும் இருந்தது.

ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் காரெத் எவன்ஸும் கனடாவின் ஜோ கிளார்க்கும் 1990இலேயே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பனிப்போரின் இரு தரப்பும் 1975இல் சேர்ந்து உட்கார்ந்த ஐரோப்பாவின் ஹெல்சின்கி மாநாட்டு வழியில் ஆசியாவுக்கும் ஒரு பாதுகாப்பு மாநாடு வேண்டும் என்பது அதன் சாரம். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் அதற்கும் முன்னால் 1986இல் விளாடிவஸ்தோக்கில் பேசியது இதே திசையில்தான். இவை எதுவும் எடுபடவில்லை. அமெரிக்கா, தன் இருதரப்புக் கூட்டணிகள் நீர்த்துப்போகும் என்று எதிர்த்தது. ஆசியான் நாடுகளுக்கோ வேறு பயம்: பெரிய நாடுகள் கட்டும் வீட்டில் நாம் வாடகைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆசியான்-ஐசிஸ் அறிக்கையின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிகிறது. புதிய அமைப்பு எதையும் அது கேட்கவில்லை. ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் கூடுவார்கள், கூட்டம் முடிந்ததும் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற உரையாடல் கூட்டாளிகளோடு ஒரு தொடர் மாநாடு நடக்கும். அமைச்சர்கள் எப்படியும் ஊரில்தான் இருக்கிறார்கள். அந்த மாநாட்டை ஒட்டியே, அமைதியான ஓரிடத்தில் இன்னொரு அமர்வு வைக்கலாம் என்றது அறிக்கை. அழைப்பவர் ஆசியான், தலைமை வகிப்பவர் ஆசியான், நிகழ்ச்சி நிரல் ஆசியானுடையது. எவன்ஸின் யோசனையில் ஆசியான் நாடுகள் பயந்தது எதுவோ, அது இதில் இல்லை.

நேரமும் பொருந்தி வந்தது. கோலாலம்பூரில் மலேசிய மையம் 1987 முதல் நடத்திவரும் ஆசிய-பசிபிக் வட்டமேசை மாநாடு பெரும்பாலும் ஆண்டுதோறும் மே இறுதி அல்லது ஜூனில் வரும். அமைச்சர்கள் கூட்டத்துக்குச் சில வாரங்களே இருக்கும் சமயம். அதிகாரிகள் குறிப்புகள் தயாரித்துக்கொண்டிருப்பார்கள், பேச்சுக்கான பொருள் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்போது கையில் கிடைக்கும் பத்துப் பக்கத் தாளுக்கு இருக்கும் மதிப்பு, அதே தாள் அக்டோபரில் கிடைத்தால் இருக்காது. ஆய்வு மையங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆய்வின் தரத்தைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், நாட்காட்டியைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. என் பார்வையில் அது சமமான விஷயம்.

1991 ஜூனில் மணிலாவிலும் ஒரு மாநாடு நடந்தது, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து அரசுகளின் ஆதரவில். அதில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி சதோ யுகியோ கலந்துகொண்டார். ஆசியான் அறிஞர்களின் யோசனை அங்கே அவர் காதில் விழுந்தது. அடுத்த மாதமே, கோலாலம்பூர் மாநாட்டில், ஜப்பான் வெளியுறவு அமைச்சர் நகயாமா தாரோ எழுந்து, இந்தத் தொடர் மாநாட்டையே பாதுகாப்பு பற்றிய அரசியல் உரையாடலுக்கும் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். அமைச்சர்கள் திகைத்தார்கள். ஜப்பான் பாதுகாப்பு பற்றி முன்கை எடுப்பது அன்றைக்கு எளிதில் ஜீரணமாகிற விஷயம் இல்லை. யோசனை அப்போதைக்கு ஓரமாக வைக்கப்பட்டது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992 ஜனவரியில் சிங்கப்பூரில் கூடிய ஆசியான் உச்சி மாநாடு, அரசியல், பாதுகாப்பு விஷயங்களில் வெளிநாடுகளோடு பேச அந்தத் தொடர் மாநாட்டைப் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. 1993இல் கிளின்டன் நிர்வாகம் அமெரிக்காவின் பழைய எதிர்ப்பைக் கைவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் மூத்த அதிகாரிகள் சிங்கப்பூரில் கூடினார்கள். ஜூலையில் மன்றத்தை அமைப்பது முடிவாகி, அமைச்சர்கள் ஒரு விருந்தில் சந்தித்தார்கள். 1994இல் பாங்காக்.

யாருடைய யோசனை?

சிலர் மன்றத்தின் தந்தை நகயாமா என்பார்கள். சிலர் எவன்ஸ் என்பார்கள். ஆசியான் வட்டாரத்தில் கேட்டால் அறிக்கை எழுதிய ஐவரைச் சொல்வார்கள். இந்த மாதிரி நிகழ்வை ஆராயும்போது மூன்று விஷயங்களை வைத்துப் பார்ப்பது என் வழக்கம்: எது முன்னால் வந்தது, கடைசி வடிவம் யாருடைய எழுத்தை ஒத்திருக்கிறது, இவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

எது முன்னால் என்று பார்த்தால் ஆய்வு மையங்கள் தோற்றுவிடும். ஆசியாவுக்குப் பாதுகாப்பு மன்றம் வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்னரே பலர் சொல்லிவிட்டார்கள்.

கடைசி வடிவத்தைப் பார்த்தால் கதை மாறுகிறது. ஜூலைக் கூட்டத்தை ஒட்டியது, ஆசியான் தலைமை, எதிரும் புதிருமான நாடுகளை உள்ளே அழைத்தது, தனித் தலைமையகம் இல்லாதது. இவை 1991 அறிக்கையின் வழியில் இருக்கின்றன, ஹெல்சின்கி வழியில் இல்லை. நகயாமாவின் முன்மொழிவும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது, ஆனால் மாநாட்டில் ஏற்கெனவே இருந்த கூட்டாளிகளின் வட்டத்தோடு நின்றது. சீனாவையும் ரஷ்யாவையும் வியட்நாமையும் உள்ளே அழைக்க வேண்டும் என்பதுதான் அறிக்கையின் தனித் துணிச்சல். பாங்காக்கில் அந்த மூன்றும் வந்திருந்தன.

மூன்றாவது கேள்விக்கு உறுதியான பதில் யாராலும் தர முடியாது. சோவியத் ஒன்றியம் உடையாமல், வாஷிங்டனில் ஆட்சி மாறாமல் இருந்திருந்தால் அறிக்கை அலமாரியில் இருந்திருக்கும், அது நிச்சயம். ஆனால் சூழல் கனிந்தபோது அரசுகள் எடுத்துக்கொள்ள ஆசியான் முத்திரையோடு ஒரு வரைவு தயாராக இருந்தது. அது இல்லாவிட்டால் ஆஸ்திரேலிய வரைவோ ஜப்பானிய வரைவோதான் மேசையில் இருந்திருக்கும், ஆசியான் நாடுகள் மறுபடியும் தயங்கியிருக்கும். மன்றம் தள்ளிப்போயிருக்கும் என்பது என் கணிப்பு. இதையே இந்த மையங்களின் உண்மையான பங்காக நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் உலவிய ஒரு யோசனையை, தங்கள் அரசுகள் கௌரவக் குறைவில்லாமல் ஏற்கும்படி அமைத்துக் கொடுத்தார்கள்.

மன்றம் வந்த பிறகு

1993 ஜூனில், உருவாகிக்கொண்டிருந்த மன்றத்துக்கு இணையாக, ஆசிய-பசிபிக் பாதுகாப்பு ஒத்துழைப்புக் கவுன்சில் என்ற அரசு சாராத அமைப்பு கோலாலம்பூரில் உருவானது. சுருக்கமாக சிஎஸ்கேப். பத்து நாடுகளின் மையங்கள் அதைத் தொடங்கின. அதே ஆண்டு முதல் ஆசியான்-ஐசிஸ் தலைவர்கள் ஆசியானின் மூத்த அதிகாரிகளை முறைப்படி சந்திப்பதும் வழக்கமானது. 1995இல் மன்றத்தின் கருத்துரு ஆவணம் இரண்டு அமைப்புகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. வெளியே நின்று பேசியவர்களுக்குக் கதவு அதிகாரப்பூர்வமாகத் திறந்தது.

அரசு சாராத மேசைக்கும் அரசுகளின் தகராறு வந்து சேர்ந்தது. தைவான் பிரச்சினையால் சீனா 1996 இறுதி வரை சிஎஸ்கேப்பில் சேரவில்லை. தைவான் அறிஞர்கள் பணிக்குழுக் கூட்டங்களுக்குத் தனிநபர்களாக மட்டும் வரலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பிறகே சேர்ந்தது.

தடுப்பு ராஜதந்திரம் பற்றிய வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கருத்துரு ஆவணத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நம்பிக்கை வளர்ப்பது, சண்டை வருமுன் தடுப்பது, சண்டையைத் தீர்ப்பது. சீனாவின் ஆட்சேபத்தால் மூன்றாவது கட்டத்தின் சொற்கள் முதலிலேயே மென்மையாக்கப்பட்டன. இரண்டாவது கட்டத்துக்கு, தடுப்பு ராஜதந்திரம் என்றால் என்ன என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அரசுகளால் முடியவில்லை. சிஎஸ்கேப் பணிக்குழு 1999இல் ஒரு வரையறையையும் சில கோட்பாடுகளையும் எழுதிக் கொடுத்தது. 2001இல் ஹனோயில் மன்றம் ஏற்றுக்கொண்ட ஆவணம் பெரும்பாலும் அதன் மேல் கட்டப்பட்டதுதான்.

வெற்றி என்று சொல்லலாம். ஆனால் அந்த வரையறை நாடுகளுக்கு இடையிலான தகராறை மட்டும் எடுத்துக்கொண்டது. உள்நாட்டுப் போர், இனக்கலவரம், ஓர் அரசு தன் மக்கள் மேலேயே பாய்வது எல்லாம் வெளியே நின்றன. எழுதிய ஆண்டு 1999, கிழக்கு திமோர் எரிந்த ஆண்டு. இந்தப் பகுதியில் மக்கள் செத்தது பெரும்பாலும் எந்த வகைச் சண்டையில் என்று அந்த அறிஞர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அரசுகள் ஏற்கும் எல்லை எதுவோ அதற்குள் எழுதினார்கள். இதை எண்ணும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது.

கொடுத்த விலை

முன்னே சொன்ன விலை இதுதான். அரசின் காதுக்குப் பக்கத்தில் இருப்பவர், அந்தக் காது சுளிக்காத விதத்தில் பேசப் பழகிவிடுவார். யாரும் கட்டளை இடுவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு அதிகாரி வர வேண்டும், அடுத்த அறிக்கை படிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான் கவலை. ஆனால் அந்தக் கவலையே போதும். ஆசியான் மையங்களை நீண்ட காலமாக விமர்சித்தவர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான், அந்த விமர்சனம் நியாயமானது.

எல்லா நேரமும் அப்படியே இருந்தார்கள் என்றும் சொல்லிவிடக்கூடாது. 1994 முதல் மணிலாவில் ஆண்டுதோறும் மனித உரிமை பற்றிய உரையாடலை நடத்தினார்கள். ஆசியானின் அதிகாரப்பூர்வ வட்டத்தில் அந்தப் பேச்சே கசந்த காலம் அது. 2000 நவம்பரில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஆசியான் மக்கள் பேரவையைக் கூட்டி, அரசுகளோடு பேசியே பழகிய தாங்கள் தொழிலாளர், பெண்கள், சுற்றுச்சூழல் இயக்கங்களோடும் உட்கார்ந்தார்கள். 2009இல் ஆசியான் மனித உரிமை ஆணையம் வந்தது. பல் இல்லாத ஆணையம் என்று பலரும் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனாலும் 1994இல் மணிலாவில் உட்கார்ந்தவர்களுக்கு அதில் பங்கு உண்டு. ஐவரில் அரசுக்கு மிகத் தள்ளி நின்ற பிலிப்பைன்ஸ் மையம்தான் இந்தப் பணிக்கு இடம் கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கூட்டமைப்பில் எல்லோரும் ஒரே தூரத்தில் இல்லாமல் இருந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று: பிரதமரிடம் பேச ஒருவர், பிரதமருக்குப் பிடிக்காததைப் பேச இன்னொருவர்.

பணத்தைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. தென்சீனக் கடல் பற்றி 1990 ஜனவரியில் பாலித் தீவில் இந்தோனேசியத் தூதர் ஹாசிம் ஜலால் தொடங்கிய பட்டறைத் தொடர் இதற்கு நல்ல உதாரணம். 1991இல் சீனாவும் வந்து உட்கார்ந்தது. யாருக்கு எந்தத் தீவு என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, கடல் ஆய்வு, பல்லுயிர், கப்பல் பாதுகாப்பு என்று பேசினார்கள். பணம் கனடாவிலிருந்து வந்தது. 2001இல் அந்த நிதி நின்றது. தொடர் சாகவில்லை, ஆனால் வேகம் குறைந்தது. பத்தாண்டு சேர்த்த நம்பிக்கை, தொலைதூரத்து ஒரு துறையின் வரவு செலவு முடிவைச் சார்ந்திருந்தது. அந்நியப் பணம் என்றால் ஆய்வு வளைந்துவிடும் என்ற பயத்தைத்தான் பலரும் சொல்கிறார்கள். அந்தப் பணம் நின்றுபோவது அதைவிட அடிக்கடி நடக்கிறது.

தெற்காசியாவில்

மன்றத்தில் இந்தியா 1996இலும் இலங்கை 2007இலும் சேர்ந்தன. ஆனால் நம் சொந்தப் பகுதியில் இந்த வேலை எப்படி நடக்கிறது?

சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவு, இருதரப்புச் சர்ச்சைகளை விவாதத்துக்கு எடுக்கக்கூடாது என்கிறது. அரசுகள் பேசக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்ட இடம் இது. அப்படியானால் அரசு சாராத மையத்துக்கு ஆசியானைவிட இங்கேதான் வேலை அதிகம். ஆளும் இல்லாமல் இல்லை. கொழும்பில் உத்தி ஆய்வுகளுக்கான பிராந்திய மையம் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை, வங்கதேச, நேபாள இளம் ஆய்வாளர்களை ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறது. அது சிறிய வேலை இல்லை. குறை எங்கே என்றால், எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஜூலை மாதம் மாதிரி ஒரு தேதி கிடையாது. 2014 நவம்பர் காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை.

வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு இப்போது கொஞ்சம் உயிரோடு இருக்கிறது. அதன் சாசனம் 2024இல் நடைமுறைக்கு வந்தது, 2025 ஏப்ரலில் பாங்காக்கில் உச்சி மாநாடு நடந்தது, ஆய்வு மையங்களுக்கென்று ஒரு வலையமைப்பும் அதற்கு உண்டு. தாய்லாந்து அதில் உறுப்பினர், 1991இல் அறிக்கை எழுதிய அனுபவம் அங்கே இருக்கிறது. முதல் பொருளாக எதை எடுப்பது என்று என்னைக் கேட்டால் மீன்வளம் என்பேன். இழுவை மடி கடலடியை என்ன செய்கிறது, எந்த மீன் எந்தப் பருவத்தில் எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு எல்லைக்கோடு தேவையில்லை. பாக் நீரிணையில் ராமேஸ்வரத்து மீனவரும் மன்னார் மீனவரும் ஆண்டுக்கணக்காக மாட்டிக்கொண்டிருப்பது அந்தக் கேள்விகளில்தான். கைதும் படகுப் பறிமுதலும் பற்றி அரசுகள் பேசட்டும். கடலைப் பற்றிய கூட்டு அறிக்கை ஒன்றை சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் கடலியல் அறிஞர்கள் சேர்ந்து எழுத, அரசுகள் உடன்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பிம்ஸ்டெக் அமைச்சர் கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அது அதிகாரிகளின் கையில் இருந்தால் போதும்.